மணி அடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது: தங்க வயலின் தெருக்களில் நடந்து பார்த்தது

பங்குனி மாதத்தில் எங்கள் அச்சுக்கூடத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. பஞ்சாங்கம் அச்சாகி முடிய வேண்டும். முடிந்ததும் முதலாளி ஒரு வாரம் விடுப்புக் கொடுப்பார். மற்ற எழுத்துக் கோப்பவர்கள் ஊருக்குப் போய்த் தூங்குவார்கள். நான் இந்த முறை கோலார் தங்க வயலுக்குப் போனேன். காரணம் ஒரு மேஸ்திரி.

குடியாத்தத்தில் எங்கள் சேரிக்கு ஆள் பிடிக்க வந்தவர் அவர். சுரங்கத்தைப் பற்றியும் கூலியைப் பற்றியும் அவர் சொன்னதை யாரும் பெரிதாக நம்பவில்லை. கடைசியாக ஒன்று சொன்னார். "அங்க தெருவுல ராத்திரி பகலு கெடையாது. கம்பத்துக்குக் கம்பம் வெளக்கு. நீ நடு ரோட்டுல செருப்பு போட்டுக்கினு போ. எவனும் இன்னான்னு கேக்க மாட்டான்." அதைக் கேட்டுத்தான் கூட்டம் நெருங்கி உட்கார்ந்தது.

எங்கள் ஊரில் நான் நடந்த தெருக்களைவிட, நடக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்த தெருக்கள் அதிகம். ஐந்து வயதிலேயே அந்தக் கணக்குப் பாடமாகிவிடும். எந்த முனையில் செருப்பைக் கழற்ற வேண்டும், எந்த வீட்டைத் தாண்டும்வரை கையில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒரு ஊர்த் தெரு பத்திரமானதா என்று கேட்டால் பெரியவர்கள் திருடனைப் பற்றிப் பேசுகிறார்கள். நடந்து போகிறவனிடம் திருடுவதற்கு என்ன இருக்கிறது? அவனுக்கு வண்டி, குழி, இருட்டு, சாட்டை ஆகியவற்றிடம் பயம். எல்லாவற்றையும்விட "யாருடா நீ" என்ற கேள்வியிடம் பயம். மேஸ்திரி சொன்னது உண்மையா என்று என் கால்களைக் கொண்டே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அங்கே போக நினைக்கும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை காட்பாடியில் வண்டி ஏறினேன். மூன்றாம் வகுப்பு. பௌரிங்பேட்டை வரை ஏறத்தாழ நூறு மைல். பெட்டியில் பாதிப் பேர் தங்க வயலுக்குப் போகிறவர்கள்தான். தகரப் பெட்டி, சுருட்டிய பாய், கட்டுச்சோறு, இடுப்பில் கைக்குழந்தை. ஜோலார்பேட்டையில் எல்லாரையும் இறக்கி வரிசையில் நிற்கவைத்தார்கள். பிளேக் சோதனை. ஒரு டாக்டர் அக்குளையும் தொடை இடுக்கையும் தொட்டுப் பார்த்தார். முதல் வகுப்பில் வந்தவர்களைத் தொடாமலே பார்த்தார். காய்ச்சலுக்குக்கூட வகுப்பு தெரிகிறது போலிருக்கிறது. இதற்கு ஒரு மணி நேரம் போகும், அதற்குள் சாப்பிட நினைக்காதீர்கள்.

பௌரிங்பேட்டையில் வண்டி மாற வேண்டும். அங்கிருந்து மாரிகுப்பத்துக்குக் கிளைப் பாதை, பத்து மைல். இரண்டு அணா. அந்தப் பத்து மைலில்தான் எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. காய்ந்த மேடுகளுக்கு நடுவில் திடீரென்று புகைபோக்கிகள் எழுந்தன. அப்புறம் இரும்புக் கோபுரங்கள். அவற்றின் உச்சியில் பெரிய சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தச் சக்கரம் சுற்றும்போது கீழே ஆட்கள் இறங்குகிறார்கள் அல்லது ஏறுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். கல் அரைக்கும் ஆலைகளின் சத்தம் ரயில் சத்தத்தையும் மீறிக் கேட்டது. வெள்ளை மாவு போல மலைமலையாக மணல். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை.

மாரிகுப்பத்தில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. நிலைய வாசலில் நின்று எந்தப் பக்கம் போவது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது தெரு விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் எரிந்தன. ஏணி போட்டு ஏறி எண்ணெய் ஊற்றித் திரி ஏற்ற ஆள் இல்லை. யாரோ எங்கேயோ எதையோ திருப்பியிருக்கிறார்கள், ஒரு ஊரே வெளிச்சமாகிவிட்டது. நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்து நின்றேன்.

"இன்னா சார், புதுசா? ஏறுங்க, எங்க போவணும்?" என்றார் ஜட்காக்காரர்.

சாம்பியன் ரீப்ஸ் தாண்டி ஒரு சுரங்கத்தின் குடியிருப்புக்கு என்றேன். நாலணா கேட்டார். நடந்துதான் போகப்போகிறேன் என்றேன்.

"நடக்கறதுக்கா ரயிலேறி வந்தீங்க?"

"ஆமாம், அதற்குத்தான் வந்தேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, நடங்க. சாரட்டு வந்தா மட்டும் ஓடுங்க. நடக்காதீங்க."

கடைத்தெரு வழியாகப் போனேன். செருப்பு காலில்தான் இருந்தது. ஒரு முனை வந்ததும் செருப்பைக் கழற்றத் தானாகக் குனிந்தேன்; நிமிர்ந்துகொண்டேன். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் ஒரே கடை வாசலில் விலை பேசிக்கொண்டிருந்தன. நடுத்தெருவில் நடந்தேன். திரும்பி வந்து மறுபடி நடந்தேன். ஒரு கடையில் பெஞ்சில் உட்கார்ந்து காப்பி கேட்டேன், எல்லாருக்கும் கொடுக்கும் குவளையில் கொடுத்தார்கள். யாரும் என்ன என்று கேட்கவில்லை. மேஸ்திரி பொய் சொல்லவில்லை. அந்தக் காப்பியில் வெல்லம் அதிகம், ஆனாலும் இரண்டாவது குவளை வாங்கினேன்.

நான் தங்கப் போன வீடு ஆறுமுகம் அண்ணனுடையது. எங்கள் சேரியில் எங்களுக்கு நாலாவது வீட்டுக்காரர். பல வருடமாகச் சுரங்கத்தில் மரம் அடிக்கும் வேலை. பாறை இடிந்து விழாமல் கட்டைகளை முட்டுக் கொடுப்பது. மூங்கில் தட்டியும் தகரமும் கொண்டு கட்டிய வரிசை வீடுகளில் அவர் வீட்டைக் கண்டுபிடித்து உள்ளே எட்டிப் பார்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். இடது கணுக்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"பாத்தியா, நீ நடந்து பாக்க வந்தே, நான் நடக்காம கீறேன்" என்றார். ஊரிலிருந்து யாரோ மூலம் நான் சொல்லி அனுப்பியதை நினைவு வைத்திருந்தார். அவர் சிரித்தார். அவர் மனைவி கன்னியம்மா அண்ணி சிரிக்கவில்லை.

நடந்ததை அண்ணிதான் சொன்னாள். தை மாதத்தில் ஒரு நாள், ஷிப்டு முடிந்து மேலே வந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஆலைச் சுவர் ஓரத்தில், கல் ஏற்றிப் போகும் தொட்டிவண்டி அவரை இடித்துத் தள்ளிவிட்டது. சக்கரம் காலின் மேல் ஏறியது. ஆஸ்பத்திரியில் பாதத்தை எடுத்துவிட்டார்கள். சுரங்கத்தின் கேப்டன், அதாவது ஆட்களை மேய்க்கும் வெள்ளைக்காரத் துரை, ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: குடித்திருந்தான். குடித்து அடிபட்டவனுக்கு மேலே உட்கார்ந்து செய்யும் வேலை கிடையாது. வேலை இல்லாதவனுக்கு வீடும் கிடையாது. சனிக்கிழமை கடைசி விசாரணை. அன்றைக்கும் துரை அதையே சொன்னால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"ஊருக்குப் போய்டலாம்னா, அங்க இன்னா கீது? ஒத்தக் காலோட எவன் களத்துல நெல்லு தூத்துவாரு இவரு?" என்றாள் அண்ணி.

"குடிச்சிருந்தீங்களாண்ணே?" என்று நேராகவே கேட்டேன்.

"சம்பள நாள்ல குடிப்பேன். ஊருக்கே தெரியும். அன்னிக்கி இல்லடா. எட்டு மணி நேரம் கீழ இருந்துட்டு, கேஜுக் கூண்டுல ஏறி மேல வந்து, தங்கம் ஒளிச்சினு வரேனான்னு சோதனைல துணிய அவுத்துக் காட்டிட்டு, நேரா வரேன். எங்க குடிப்பேன், கல்லுலயா ஊறுது?"

"பின்னே எப்படி அடிபட்டீங்க?"

"அதான் தெரில. மணி அடிச்சான். ஒதுங்கினேன். அப்பால ஆஸ்பத்திரிதான்."

அவருக்கே தெரியவில்லை என்பதுதான் கொடுமை. அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். எல்லாரும் நல்லவர்கள்தான், ஆனால் எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள். நேற்று வந்த பயல்கள் அந்தச் சுவர் ஓரத்தில் தினம் போகிறார்கள், வளையல் விற்கிறவள் போகிறாள், ஆடு போகிறது. ஒன்றும் அடிபடவில்லை. சுரங்கத்தில் பழுத்த ஆள் எப்படி அடிபடுவான்? அதனால் குடித்துத்தான் இருப்பான். அண்ணிக்கும் உள்ளே ஒரு சந்தேகம் இருந்தது. அதை அவள் பாத்திரங்களைப் போடும் சத்தத்தில் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து தெருத்தெருவாக நடந்தேன். ராபர்ட்சன்பேட்டையில் புதிதாக அளந்து போட்ட தெருக்கள் அருமையானவை. நேராக, அகலமாக, இரண்டு மாட்டுவண்டி எதிரெதிரே போனாலும் நடக்கிறவனுக்கு இடம் மிச்சமிருக்கும்படி இருக்கின்றன. இப்படி ஒரு ஊரை நான் கண்டதில்லை. சுரங்கக் குடியிருப்புகளுக்குள் வந்தால் கதை வேறு. நல்ல சாலை ஒன்று உண்டு. சரளை போட்டு உருளை ஓட்டிய சாலை. அதில் துரைகளின் சாரட்டுகள் ஓடுகின்றன. அதில் நடக்கக் கூடாது என்று பலகை எதுவும் இல்லை. சாரட்டு ஓட்டுகிறவனின் சாட்டை நுனிதான் பலகை. எனக்கு ஒரு தரம் தோளில் பட்டது. யாருடா நீ என்று அவன் கேட்கவில்லை, அந்த மட்டில் இந்த ஊர் எங்கள் ஊரைவிட மேல்தான். சாலையின் ஓரங்களில் ஆலைக் கழிவுநீர் ஓடும் சாக்கடை. அந்த நீரை மாடு குடித்தால் செத்துவிடும் என்கிறார்கள். ஆக நடக்கிறவன் நடப்பதற்கு மிச்சம் வைத்திருப்பது தண்டவாளங்களின் ஓரம்தான்.

ஆறுமுகம் அண்ணன் அடிபட்ட இடத்துக்கு மதிய ஷிப்டு விடும் நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். இடத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். சுரங்க வாயிலிலிருந்து கல் அரைக்கும் ஆலைக்கு ஒரு சரிவு. அந்தச் சரிவில் தண்டவாளம். கல் நிரப்பிய இரும்புத் தொட்டிகளைக் கோத்து விட்டால் தானாக உருண்டு வரும். கடைசித் தொட்டியில் ஒருவன் நின்று பிரேக்கைப் பிடித்தபடி மணி அடிப்பான். தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் ஆலையின் நீளமான கல் சுவர். மறு பக்கம் துரைகளின் சாலை. சுவருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கும் இடைவெளி. நிழல் இருப்பதால் எல்லாரும் அதில்தான் போவார்கள். வளைவு வரும் இடத்தில் மட்டும், இந்த வருடம்தான், சுவரை ஒட்டி இடுப்பு உயரத்தில் ஒரு தடித்த தண்ணீர்க் குழாயைப் பதித்திருக்கிறார்கள். குழாய்க்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு பூனை நிற்கலாம். ஆள் நிற்க முடியாது.

சங்கு ஊதியது. ஆட்கள் வந்தார்கள், மண்ணும் வியர்வையுமாக, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அவர்களோடு கலந்து ஒரு கீரைக்காரி, சோற்றுக் கூடைக்காரிகள், நான். பின்னால் மணி அடித்தது.

கீரைக்காரி தண்டவாளத்தைத் தாண்டிச் சாலைப் பக்கம் குதித்தாள். கூடைக்காரிகளும் அப்படியே. நானும் குதித்தேன். சுரங்கத்திலிருந்து வந்தவர்களில் ஒருவன்கூடக் குதிக்கவில்லை. எல்லாரும் ஒரே உடம்பு போலச் சுவர்ப் பக்கம் திரும்பி, முதுகைச் சுவரில் ஒட்டி, மூச்சை உள்ளே இழுத்து, அசையாமல் நின்றார்கள். வளைவுக்கு முன்னால் நின்றவர்களுக்கு இடம் இருந்தது. வளைவில் குழாய்மேல் பின்னுக்கு வளைந்து நின்ற ஒல்லியான ஒருவனின் சட்டையைத் தொட்டியின் விளிம்பு உரசிக்கொண்டு போனது. தொட்டிகள் போனதும் அவன் பேச்சை விட்ட இடத்தில் பிடித்து, நடந்தான்.

ஓடிப்போய் அவனை நிறுத்தினேன். ஏன் சாலைப் பக்கம் போகவில்லை என்று கேட்டேன்.

"மணி அடிச்சா செவத்துல ஒட்டணும்பா. இது கூடத் தெரியாதா?"

"இங்கே ஒட்ட இடமே இல்லையே?"

அவன் திரும்பி அந்தக் குழாயைப் பார்த்தான். தினம் பார்க்கிற குழாய். "அட ஆமா" என்றான். அவன் சிரித்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

எனக்குப் புரிந்துவிட்டது. கீழே, லெவல் என்று அவர்கள் சொல்லும் சுரங்கப்பாதையில், இரண்டு பக்கமும் பாறை. தாண்டிக் குதிக்க வெளி கிடையாது. மணிச் சத்தம் கேட்டால் பாறையில் முதுகை ஒட்டி அசையாமல் நிற்பவன் பிழைப்பான், குறுக்கே ஓடுகிறவன் சாவான். அதைத் தலை மறந்தாலும் முதுகு மறக்காது. அந்த முதுகோடு மேலே வந்து, வெட்ட வெளியில், அதே மணியைக் கேட்கிறார்கள். புதியவனும் வளையல்காரியும் ஆடும் பிழைத்தது அவர்களுக்குச் சுரங்கம் தெரியாததால். ஆறுமுகம் அண்ணனின் கால் போனது, அவர் வேலையை நன்றாகக் கற்றிருந்ததால். சந்தோஷமும் கோபமும் சேர்ந்து வர, குடியிருப்பு வரை ஓட்டமும் நடையுமாகப் போனேன். தெருவில் ஓடுவது பத்திரமில்லை, நீங்கள் ஓடாதீர்கள்.

அண்ணி நான் சொன்னதை முழுதும் கேட்டாள். எழுந்து போய், கணவருக்குப் பின்னால் நின்று, பித்தளைத் தட்டைக் கரண்டியால் வேகமாகத் தட்டினாள்.

பீடி சுற்றிக்கொண்டிருந்த அண்ணனின் உடம்பு சட்டென்று பக்கவாட்டில் சாய்ந்து மூங்கில் தட்டிச் சுவரில் முதுகை ஒட்டியது. புகையிலை கொட்டியது.

"இன்னாடி, பைத்தியமா?"

அண்ணி தட்டைக் கீழே வைத்தாள். அப்புறம் அவர் எதிரில் உட்கார்ந்து, கொட்டிய புகையிலையை ஒவ்வொரு இழையாகப் பொறுக்க ஆரம்பித்தாள். "குடிக்கல நீ" என்றாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவள் அதைச் சொல்கிறாள் என்று அண்ணன் முகத்தில் தெரிந்தது.

சனிக்கிழமை கேப்டன் துரையின் ஆபீஸ் தாழ்வாரத்தில் மூவரும் நின்றோம். துரை கனத்த ஆள், செம்பட்டை மீசை, சுரங்கத்தில் கற்ற தமிழ். மரியாதையெல்லாம் அந்தத் தமிழில் கிடையாது. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"நீ யார்? மைனிங் இஞ்சினியரா?"

"அச்சுக்கூடத்தில் வேலை செய்கிறேன்."

"அப்போ பேப்பர் போய் அடி. அந்த இடத்துல நான் தினம் போறான். எடம் இருக்கு. இவன் தண்ணி போட்டான்."

நான் இன்னும் விளக்கப் போனேன். விளக்குவது என் வியாதி. அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு முன்னால் வந்தாள். "தொரே, நீ வந்து நின்னு காட்டு. எடம் இருக்குன்னு காட்டிட்டா இன்னிக்கே சட்டி பானய எடுத்துக்கினு போயிடறோம். சத்தியமா ஒரு வார்த்த பேச மாட்டோம்."

அது சூதாட்டம். அண்ணன் பதறிப்போய் அவள் முந்தானையை இழுத்தார். துரைக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு எழுந்தார்.

ஷிப்டு விடும் நேரம். வளைவில் ஐம்பது பேராவது சாலைப் பக்கம் கூடிவிட்டார்கள். செய்தி எங்களுக்கு முன்னால் போயிருந்தது. துரை சுவர் ஓரப் பாதையில் நடந்து போய், குழாய்க்கு முன்னால் நின்று, கையை அகல விரித்துக் காட்டினார். "இங்கே பார். இவ்வளவு எடம். மணி அடிச்சா, புத்தி இருக்கிறவன் என்ன செய்வான்? அந்தப் பக்கம் போவான்" என்று சாலையைக் காட்டினார். "தண்ணி போட்டவன்தான் இங்கே..."

மேலே மணி அடித்தது.

துரை பேச்சை நிறுத்தினார். கை இரண்டும் உடம்போடு ஒட்டின. குதிகாலில் திரும்பி, குழாயின் மேல் முதுகைச் சாய்த்து, தாடையை மார்போடு அழுத்தி, அசையாமல் நின்றார். கண்ணை வேறு மூடிக்கொண்டார். தொட்டிகள் வளைவுக்கு வந்துவிட்டன. அண்ணி ஒரே எட்டில் தண்டவாளத்தைத் தாண்டிப் போய், அவருடைய இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலையில் விழுந்தாள். தொப்பி தண்டவாளத்திலேயே விழுந்தது. நான்கு தொட்டிகளும் அதன் மேல் போயின.

சாலையில் ஒரு கறுப்புப் பெண்ணின் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை உட்கார்ந்திருந்தார். யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "தொரைக்கும் தண்ணி ஏறிக்கீது போல."

சிரிப்பு வெடித்தது. அடக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. துரையின் முகம் செங்கல் நிறமானது. அவர் எழுந்து, தட்டையாகிப்போன தொப்பியைத் தண்டவாளத்திலிருந்து எடுத்து, வெகு நேரம் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "பத்து வயசுல கீழே போனது நான். எங்க ஊர்ல. தகரம் எடுக்கிற குழி."

அவ்வளவுதான் சொன்னார். மன்னிப்பு என்ற சொல் அந்தத் தமிழில் அவருக்குக் கற்றுக்கொடுக்கப்படவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அன்று மாலையே ஆறுமுகம் அண்ணன் வீட்டுக்கு ஆள் வந்தது. வீடு உண்டு. மேலே உட்கார்ந்து செய்யும் வேலை உண்டு. என்ன வேலை என்பதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். அந்த வளைவில் உட்கார்ந்து, மணி அடிக்கும்போது சிவப்புக் கொடியைக் காட்டி ஆட்களைச் சாலைப் பக்கம் விரட்டுவது.

குழாயை எடுக்கவில்லை. இரண்டு முழம் தள்ளிப் போட்டால் போதும், ஒரு நாள் வேலை. அதைச் செய்யவில்லை. குழாயைவிட ஆள் மலிவு. அதிலும் ஒரு கால் இல்லாத ஆள் இன்னும் மலிவு. வரிசை வீடுகளில் அன்றைக்குப் பாட்டும் கூத்துமாக இருந்தது, நானும் ஆடினேன், ஆனால் இதை எழுதாமல் விட எனக்கு மனமில்லை. எந்தச் சுரங்கம் என்று மட்டும் எழுதப்போவதில்லை. அண்ணன் இருக்கும் வீடு சுரங்கக்காரர்களுடையது.

இனி போக நினைக்கிறவர்களுக்கு. போங்கள். நான் தயங்காமல் சொல்கிறேன். செருப்பைப் போட்டுக்கொண்டு போங்கள், காப்பிக்கடை பெஞ்சில் உட்காருங்கள், விளக்கு எரியும் நேரத்தில் ஒரு முறையாவது தெருவில் நில்லுங்கள். கடைத்தெருவும் ராபர்ட்சன்பேட்டையும் நடக்கிறவனுக்கு நல்ல இடங்கள். மாரிகுப்பம் நிலையத்திலிருந்து ஜட்காவுக்கு நாலணா கேட்டால் இரண்டணாவுக்கு வருவார்கள், ஆனால் சாமான் இல்லையென்றால் நடப்பதே மேல். சுரங்கச் சாலையில் சாரட்டின் சத்தம் பின்னால் கேட்டால் திரும்பிப் பார்த்து நிற்காதீர்கள், இறங்கிவிடுங்கள். மரியாதைக்காக இல்லை, சாட்டை நீளமானது என்பதற்காக. சாக்கடை நீரில் கால் கழுவாதீர்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குக் கீழே எப்படி நிற்பது என்று மேஸ்திரி சொல்லிக்கொடுப்பார். மேலே வந்ததும் அதை மறக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். தண்டவாளம் தெருவில் ஓடும் இடங்களில் எல்லாம், மணி அடித்தால் வெளிப் பக்கம் வாருங்கள். சுவர் உங்களைக் காப்பாற்றாது.

திங்கட்கிழமை காலை வண்டிக்காகக் கிளம்பியபோது அந்த வழியாகத்தான் போனேன். ஆறுமுகம் அண்ணன் சாலைப் பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல், மடியில் புதுச் சிவப்புத் துணி. ஷிப்டு ஆட்கள் வந்தார்கள். "இன்னா ஆறுமுகம், தொர உத்தியோகமா? கொடியெல்லாம் குடுத்துக்கீறாங்க" என்று ஒருவன் சீண்டினான்.

"ஆமாண்டா, சலாம் போட்டுட்டுப் போ."

மணி அடித்தது. ஆட்கள் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். அண்ணன் கொடியை வீசித் தொண்டை கிழியக் கத்தினார். "ரோட்டு மேல வா, ரோட்டு மேல வா, அங்க ஒட்டாதே." ஒருவர் பின் ஒருவராக, தூக்கத்திலிருந்து எழுப்பியவர்கள் போல, தண்டவாளத்தைத் தாண்டி வந்தார்கள். எல்லாரும் வந்தார்கள். தொட்டிகள் ஆளில்லாத சுவரை உரசிக்கொண்டு போயின.

நான் அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் எல்லாரையும் வெளியே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. முதுகு மட்டும் சுவர் இருக்கும் பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது, முக்காலியின் ஒரு கால் தரையிலிருந்து எழும்பும்வரை. பின்னால் சோற்றுக் கூடையோடு நின்ற அண்ணி, அதைப் பார்க்காதவள் போல, தன் பாதத்தை அந்த முக்காலியின் குறுக்குக் கட்டையில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.